லைன் போனால் சர்வரும் போகிறதா? ஐபிவி6 உள்ளூர் முகவரிக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை. தென்மேற்குப் பருவக்காற்று கட்டவிழ்ந்து அடிக்கும் ஒரு மாலை, கொழுந்துக் கணக்கு எழுதும் ஐயா எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, இன்டர்நெட் போனது பரவாயில்லை. மழைக்காலத்தில் அது போகத்தான் செய்யும். ஆனால் பக்கத்து அறையில் இருக்கிற சர்வரும் சேர்ந்து போகிறதே, அது என்ன கணக்கு?"

நியாயமான கேள்வி. அவர் மேசைக்கும் சர்வருக்கும் இடையில் இருப்பது ஒரு சுவிட்சும் இரண்டு கேபிளும். மலை உச்சியில் டவர் விழுந்தால் இதற்கு என்ன வந்தது? பதில் கேபிளில் இல்லை, முகவரியில் இருக்கிறது. ஐபிவி4க்கு அடுத்ததாக ஐபிவி6 என்ற இணைய முகவரி முறை வந்த நாளில் இருந்து உள்ளூர் முகவரிக்கான விதிகளைப் பல தடவை திருத்திவிட்டார்கள். ஒவ்வொரு கணினியும் தான் பிறந்த காலத்து விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரே அறையில் மூன்று கணினி இருந்தால் மூன்றும் மூன்று மாதிரி நடக்கலாம். இதைத் தெரியாமல் நான் நல்ல கேபிள்களைக் கழற்றி எறிந்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். திரையில் ஆங்கில எழுத்தில் தெரியும் முகவரிகளை இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறேன். தட்டும்போது நீங்கள் ஆங்கிலத்திலேயே தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் முகவரியின் தலையைப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதுதான் ஆரம்பம். 2 அல்லது 3 என்று தொடங்கினால் உலகளாவிய முகவரி. லைன் கொடுத்த கம்பெனி தந்தது, அவர்கள் நினைத்தால் மாறும். எஃப்டி என்று தொடங்கினால் யூஎல்ஏ எனப்படும் உள்ளூர் முகவரி. நம் ரவுட்டர் தந்தது, நம்முடையது. எஃப்இ80 என்றால் ஒரே கம்பிக்குள், அல்லது ஒரே வைஃபைக்குள் மட்டும் செல்லுபடியாகும் இணைப்பு முகவரி. ஐபிவி6 பேசும் எல்லாக் கருவியிலும் இது தானாகவே இருக்கும். எஃப்இசி0 என்று கண்டால் அது காலாவதியான சரக்கு. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அறிகுறி: லைன் இருக்கும்போது சர்வர் திறக்கிறது, லைன் போனதும் திறப்பதில்லை

தொழிற்சாலை ஐயாவின் வழக்கு இதுதான். பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் பதிவேட்டில் சர்வரின் பெயருக்கு எந்த முகவரி பதிந்திருக்கிறது என்று பார்த்தேன். 2 என்று தொடங்கும் ஒரே ஒரு முகவரி. அதாவது பக்கத்து அறைச் சர்வருக்குக் கம்பெனி கொடுத்த முகவரிதான் வீட்டு இலக்கம். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ரவுட்டர் எழுந்துவிடுகிறது, டவர் எழவில்லை. கம்பெனியிடம் இருந்து முன்னொட்டு, அதாவது முகவரிகளின் பொதுவான தொடக்கப் பகுதி, வராததால் ரவுட்டர் அதை உள்ளே அறிவிக்கவும் முடியாது. புதிதாக எழுந்த கணினிகளின் கையில் எஃப்இ80 தவிர வேறு ஐபிவி6 முகவரி கிடையாது. பெயரோ பழைய முகவரியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு முகவரி இல்லாமல், கடிதம் எல்லாம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கை மாறிய கதையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரியாலயம் பூட்டியிருந்தால் அடுத்த காம்பராக்காரன் எழுதிய கடிதமும் வந்து சேராது. அதே கதைதான் இது.

சரி, செய்ய வேண்டியது: ரவுட்டரின் உள்பக்க அமைப்பில் யூஎல்ஏ முன்னொட்டை இயக்குங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் போட்ட ரவுட்டர் என்றால் முதல் தடவை எழும்போதே தற்செயலாக ஒன்றை உருவாக்கி வைத்திருக்கும். அந்த முன்னொட்டுக்குள் சர்வருக்கு நிரந்தரமாக ஒரு எஃப்டி முகவரி கொடுங்கள். உள் டிஎன்எஸ்ஸில் சர்வரின் குவாட் ஏ பதிவை (ஐபிவி6 முகவரியைச் சொல்லும் பதிவு) அந்த எஃப்டி முகவரிக்கு மாற்றுங்கள். 2 என்று தொடங்கும் பதிவை எடுத்துவிடுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் இனித்தான் வருகிறது. கணினிகள் பெயரைக் கேட்கும் டிஎன்எஸ் சர்வர் எங்கே இருக்கிறது? அது வெளியில் இருந்தால் லைன் போன நேரம் பெயரையே கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் எஃப்டி முகவரி இருந்தும் பயனில்லை. ரவுட்டரையே உள் டிஎன்எஸ்ஸாக வைத்து, அதன் எஃப்டி முகவரியைக் கணினிகளுக்கு அறிவியுங்கள். பிறகு வெளி லைனைக் கையால் கழற்றிவிட்டு, கணினியையும் ரவுட்டரையும் அணைத்து எழுப்பிச் சோதியுங்கள். லைன் இருக்கும்போது செய்யும் சோதனைக்கு இங்கே மதிப்பில்லை.

அறிகுறி: லினக்ஸில் உடனே திறக்கிறது, விண்டோஸில் 20 விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது

மேலே சொன்னதை எல்லாம் செய்து முடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்த மறுநாளே இது வந்தது. கணக்கு நிரல் ஒரு பழைய லினக்ஸ் மடிக்கணினியில் சட்டென்று திறக்கிறது. புத்தம் புதிய விண்டோஸ் கணினியில் 20 விநாடிக்கு மேல் யோசித்துவிட்டுத் திறக்கிறது. புதுக் கணினியின் கேபிளை மாற்றினேன். சுவிட்ச் துளையை மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை.

உண்மையில் நடந்தது வேறு. சர்வரின் பெயருக்கு இரண்டு முகவரி இருந்தது: புதிய எஃப்டி முகவரி ஒன்று, பழைய 192.168 வகை ஐபிவி4 முகவரி ஒன்று. சர்வரின் தீச்சுவரில் எஃப்டி முகவரியில் இருந்து வருபவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தேன். லினக்ஸ் எஃப்டி வழியாகப் போனது. விண்டோஸ் முதலில் ஐபிவி4 வழியாகப் போய், பதில் வராமல் காத்திருந்து களைத்து, அப்புறம்தான் எஃப்டியைத் தட்டியது.

ஏன் இப்படி? ஒரு பெயருக்குப் பல முகவரி இருந்தால் எதை முதலில் முயல்வது என்று கணினிக்குள் ஒரு முன்னுரிமை அட்டவணை இருக்கிறது. 2003 பெப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 3484 அதன் முதல் பதிப்பு (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எழுதி வெளியிடும் ஆவணம்). அதில் எஃப்டி முகவரிக்குத் தனி வரி இல்லை; இருக்கவும் முடியாது, ஏனென்றால் எஃப்டி முகவரிகளை வரையறுத்த ஆர்எஃப்சி 4193 வந்ததே 2005 ஒக்டோபரில்தான். ஆகவே எஃப்டி பொது ஐபிவி6 வரிக்குள் விழுந்து 40 புள்ளி பெறும், ஐபிவி4க்கு 10. 2012 செப்டெம்பரில் ஆர்எஃப்சி 6724 அந்த அட்டவணையைத் திருத்தியது. ஐபிவி4க்கு 35, எஃப்டி அடங்கும் எஃப்சி00::/7 தொகுதிக்கு வெறும் 3. ஒரேயடியாகக் கடைசி வாங்குக்குத் தள்ளிவிட்டார்கள்.

தள்ளியதற்குக் காரணம் இருந்தது. யாரோ ஒருவர் தன் எஃப்டி முகவரியைக் கவனக்குறைவாக வெளி டிஎன்எஸ்ஸில் பதிந்துவிட்டால், வேறொரு ஊரில் எஃப்டி வைத்திருக்கும் கணினி அதையும் தன் உள்ளூர் என்று எண்ணி முட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பயத்தில் "ஐபிவி4 இருந்தால் முதலில் அதில் போ" என்று எழுதினார்கள். அயலூர்க்காரனுக்குப் பயந்து சொந்த ஊர்க்காரனையும் வாசலில் நிறுத்திய கதை. என் அபிப்பிராயத்தில் அன்றைக்கே இது பிழையான தீர்வு.

விண்டோஸ் ஆர்எஃப்சி 6724இன் அட்டவணையைப் பின்பற்றுகிறது. லினக்ஸில் பெரும்பாலானவை பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகத்தின் முன்னுரிமை எண்கள் இன்னும் பழைய 3484 மாதிரியே இருக்கின்றன. அதனால்தான் பழையது வேகமாகவும் புதியது மெதுவாகவும் தெரிந்தது. புதுக் கணினியில் ஒரு குறையும் இல்லை. அது புதிய விதியைச் சொல் பிசகாமல் கேட்டது, அவ்வளவுதான்.

உங்கள் கணினி எந்தக் கட்சி என்று பார்ப்பது எளிது. விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து "நெட்ஷ் இன்டர்ஃபேஸ் ஐபிவி6 ஷோ ப்ரீஃபிக்ஸ்பாலிசீஸ்" கட்டளையைக் கொடுங்கள். அட்டவணை அப்படியே வரும். எஃப்சி00::/7 வரியில் 3 இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் "கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்" என்று தட்டி, அதன் பின்னால் சர்வர் பெயரைப் போடுங்கள். கணினி முயலப்போகும் வரிசையிலேயே முகவரிகள் வரும்.

சரிசெய்ய இரண்டு வழி. எனக்குப் பிடித்தது சுலபமானது: உள் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு இருக்கும் ஐபிவி4 பதிவை எடுத்துவிடுங்கள். ஒரே முகவரி இருக்கும் இடத்தில் முன்னுரிமைப் பேச்சுக்கு வேலை இல்லை. ஐபிவி4 மட்டும் தெரிந்த பழைய தராசோ பிரிண்டரோ அந்தச் சர்வரோடு பேச வேண்டியிருந்தால் அதற்கென்று வேறொரு பெயர் வையுங்கள்.

பெயரைத் தொட முடியாத இடத்தில் இரண்டாவது வழி. விண்டோஸ் அட்டவணையில் உங்கள் சொந்த எஃப்டி முன்னொட்டுக்கு (/48 என்று முடிவது) ஒரு வரி சேர்த்து, முன்னுரிமை 45, லேபல் எனப்படும் குழு எண் 14 என்று கொடுங்கள். சேர்த்த பிறகு அட்டவணையை மறுபடி காட்டச் சொல்லிப் பாருங்கள். பழைய வரிகள் காணாமல் போயிருந்தால் அவற்றையும் கையால் திரும்பச் சேர்க்க வேண்டும். லினக்ஸ் பக்கம் ஈடிசி அடைவில் இருக்கும் ஜிஏஐ டொட் கொன்ஃப் கோப்பில் தேவையில்லாமல் கைவைக்காதீர்கள். அதில் முன்னுரிமை வரி ஒன்றே ஒன்று எழுதினாலும் உள்ளே இருக்கும் இயல்பு முன்னுரிமை வரிகள் அத்தனையும் செல்லாமல் போகும். முழு அட்டவணையையும் நீங்களே எழுத வேண்டி வரும்.

45, 14 என்ற எண்கள் நானாகப் பிடித்தவை அல்ல. இணைய விதிகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பின் 6மேன் பணிக்குழு 6724ஐத் திருத்த எழுதிய வரைவில் இருப்பவை. அந்தத் திருத்தத்தின் சாரம் எனக்குப் பிடித்திருக்கிறது: எஃப்சி00::/7 தொகுதியை 30க்கு உயர்த்தி ஐபிவி4ஐ 20க்கு இறக்குகிறது, அதற்கு மேல், "இது என் சொந்த வலையமைப்பின் முன்னொட்டுத்தான்" என்று கணினி அறிந்துகொண்ட எஃப்டி முகவரிக்கு 45 கொடுக்கிறது. பொது ஐபிவி6இன் 40ஐயும் விட அது மேல். அயலூர் எஃப்டி வேறு, சொந்த எஃப்டி வேறு என்று கடைசியில் பிரித்துவிட்டார்கள். கணினிகள் எல்லாம் இந்த விதிக்கு மாறும்வரை, இரண்டு முகவரி உள்ள பெயரைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

அறிகுறி: லைன் திரும்பி வந்த பிறகும் சில கணினிகளில் மட்டும் எல்லாம் இழுக்கிறது

மின்னல் வெட்டிக் கரண்ட் போய் வந்த நாட்களில் இதை எதிர்பாருங்கள். அந்தக் கணினியின் முகவரிகளைப் பாருங்கள். 2 என்று தொடங்கும் முகவரிகள் இரண்டு வெவ்வேறு முன்னொட்டில் இருந்தால் ஆள் அகப்பட்டார். ரவுட்டர் மறுபடி எழுந்தபோது கம்பெனி புது முன்னொட்டைக் கொடுத்திருக்கிறது. பழையது செத்துவிட்டது என்று கணினிகளுக்கு யாரும் சொல்லவில்லை. ரவுட்டருக்கே பழையது ஞாபகம் இல்லை. முன்னொட்டு அறிவிப்பின் இயல்பு ஆயுளோ, விருப்பக் காலம் (புது இணைப்புக்கும் அதை எடுக்கும் காலம்) 7 நாள், செல்லுபடிக் காலம் (முகவரி முற்றாக நீங்கும் வரையான காலம்) 30 நாள். இறந்தவரின் பெயரில் ஒரு மாதம் கடிதம் போய்க்கொண்டிருக்கும்.

பிரவுசரில் இது அவ்வளவாகத் தெரியாது. ஒரு வழி கால் விநாடி தாமதித்தாலே அது அடுத்த வழியையும் முயலத் தொடங்கிவிடும். மற்ற நிரல்களில்தான் வலிக்கும்.

உடனடி மருந்து: அந்தக் கணினியின் வலையமைப்பு அட்டையை அணைத்து எழுப்புங்கள். நிரந்தர மருந்து ரவுட்டரில்: 2021இல் வந்த ஆர்எஃப்சி 9096 சொல்கிறபடி விருப்பக் காலத்தை 45 நிமிடமாகவும் செல்லுபடிக் காலத்தை 90 நிமிடமாகவும் குறையுங்கள். பழைய முன்னொட்டை ஞாபகம் வைத்து, மீண்டும் எழுந்ததும் "விருப்பக் காலம் 0" என்று அறிவிக்கும் ரவுட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தக் குழப்பத்தில் எஃப்டி முகவரிகள் அசையாமல் இருப்பதைக் கவனியுங்கள். சர்வரை அங்கே வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

அறிகுறி: டிஎன்எஸ் சர்வர் என்ற இடத்தில் எஃப்இசி0 என்று மூன்று முகவரி

ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலைக் கணினி அறையில் கண்டது. "சேர், வைரஸா?" என்று கேட்டார்கள் பிள்ளைகள். வைரஸ் இல்லை, தொல்பொருள். ஐபிவி6 டிஎன்எஸ் முகவரி எதுவும் கிடைக்காதபோது விண்டோஸ் தானாகவே நிரப்பும் மூன்று முகவரிகள் அவை; எஃப்இசி0:0:0:எஃப்எஃப்எஃப்எஃப் என்று தொடங்கி 1, 2, 3 என்று முடியும்.

1995இல் வந்த முதல் ஐபிவி6 முகவரி அமைப்பில் எஃப்இசி0::/10 "தள முகவரி" என்று ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் உள்ளுக்குள் அதையே புழங்கலாம் என்பது யோசனை. தளம் என்றால் எது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. தொழிற்சாலை ஒரு தளமா, முழுத் தோட்டமும் ஒரு தளமா, கொழும்புத் தலைமைக் காரியாலயமும் சேர்த்தியா? எல்லாருக்கும் ஒரே முகவரி என்பதால் இரண்டு தளம் இணைந்தால் மோதல் வேறு. 2004 செப்டெம்பரில் ஆர்எஃப்சி 3879 அதைக் கைவிட்டது.

அந்த மூன்று முகவரிகளை நீக்க மெனக்கெடாதீர்கள். ரவுட்டரில் ஐபிவி6 டிஎன்எஸ் அறிவிப்பை இயக்குங்கள், தாமாகவே மறையும். வேறு யாரோ கையால் எஃப்இசி0 முகவரி பொருத்திய கருவி இருந்தால் மட்டும் எஃப்டிக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: எஃப்இ80 முகவரிக்குப் பிங் போகிறது, பிரவுசரில் திறப்பதில்லை

ஐந்தாம் நம்பர் லயம் என்று மட்டும் சொன்னால் வீடு கிடைக்குமா? மேல் டிவிஷனிலும் ஒன்று இருக்கும், கீழ் டிவிஷனிலும் ஒன்று இருக்கும். எஃப்இ80 அப்படித்தான். கேபிள் பக்கமும் எஃப்இ80, வைஃபை பக்கமும் எஃப்இ80. எந்தப் பக்கம் என்று சதவீதக் குறி போட்டுச் சொல்ல வேண்டும்: விண்டோஸில் குறிக்குப் பின் இடைமுகத்தின் எண், லினக்ஸில் அதன் பெயர். கருவி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை இதை ஏற்கும். பிரவுசர்களின் முகவரிப் பட்டையில் இதை எழுத 2013இல் ஒரு முறை வகுத்தும் அவை கண்டுகொள்ளவில்லை. மல்லுக்கட்டாமல் அந்தக் கருவியின் எஃப்டி முகவரியைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: இரண்டு கட்டடங்களை வீபிஎன் என்ற தனிப் பாதையால் இணைத்ததும் இரண்டிலும் பாதி வேலை செய்வதில்லை

இதில் குற்றவாளி நானே. எஃப்டிக்குப் பின்னால் 40 பிட் தற்செயல் எண் வர வேண்டும் என்பது விதி. நான் சோம்பலில் தொழிற்சாலையிலும் பங்களாக் காரியாலயத்திலும் எஃப்டி00:: என்று சுழியங்களாகப் போட்டு வைத்திருந்தேன். எழுதவும் சுலபம், ஞாபகம் வைக்கவும் சுலபம். இணைத்த அன்று இரண்டு பக்கமும் ஒரே முகவரி. எஃப்இசி0 ஏன் கைவிடப்பட்டதோ அதே நோயை நான் கையால் வரவழைத்திருந்தேன்.

40 பிட் என்றால் ஒரு இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட எண்கள். விதிப்படி தற்செயலாக எடுத்த 10,000 வலையமைப்புகளை ஒன்றாக இணைத்தாலும் எங்காவது மோதல் வரும் வாய்ப்பு இலட்சத்தில் நாலைந்துதான். ஆகவே ரவுட்டர் உருவாக்கித் தருவதையே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மோதியிருந்தால் சின்ன வலையமைப்பு எதுவோ அதன் முன்னொட்டை மாற்றுங்கள்: புதியதைப் பழையதோடு சேர்த்து அறிவித்து, டிஎன்எஸ் பதிவுகளை நகர்த்தி, எல்லாம் நகர்ந்த பிறகு பழையதை எடுங்கள். தீச்சுவர் விதிகளில் பழைய முன்னொட்டு ஒளிந்திருக்கும், அங்கேயும் தேடுங்கள்.

அறிகுறி: ரவுட்டரை ரீசெட் செய்ததும் சர்வர் காணாமல் போனது

ரீசெட் செய்தால் சில ரவுட்டர்கள் புதிதாக ஒரு எஃப்டி முன்னொட்டை உருவாக்கிவிடும். சர்வர் பழையதிலேயே இருக்கும். பழைய முன்னொட்டைக் கையால் திரும்பப் போட்டால் முடிந்தது, அது எங்காவது எழுதி இருந்தால். தொழிற்சாலை ஐயா அதை கொழுந்துக் கணக்குப் பேரேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார். நான் ரவுட்டரின் அடியில் ஒட்டிய காகிதம் போன மழையில் நனைந்து கரைந்துவிட்டது.